கேப்டன் மக்வே செய்த குற்றம் என்ன?

(சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இந்த அரங்குக்கு எந்த வழியாக வந்தீர்கள்? ஃப்ரீமாண்ட், மில்பிடாஸ், ஹேவர்ட் பக்கமிருந்து வந்தவர்கள் 880 நெடுஞ்சாலையைத் திட்டிக்கொண்டேதான் வந்திருப்பீர்கள். நாள் தவறாமல் நாம் திட்டும் அந்தச் சாலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. நிமிட்ஸ் ஃப்ரீவே. யார் அந்த நிமிட்ஸ்? டெக்சஸ் மாநிலத்தில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற ஊரில், கடல் வாசனையே எட்டாத குன்றுகளுக்கு நடுவில், 1885-இல் பிறந்த பையன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கப்பற்படையை நடத்திய அட்மிரல். கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். சான் புரூனோவில் உள்ள ராணுவக் கல்லறையில் அடக்கமாகியிருக்கிறார்.

ஆனால் நான் பேச வந்தது நிமிட்ஸைப் பற்றி அல்ல. வெற்றி பெற்ற தளபதிகளுக்குச் சாலை இருக்கிறது, சிலை இருக்கிறது, நாம் பேசாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் பேச வந்தது ஒரு கப்பலை இழந்த மனிதரைப் பற்றி. சார்லஸ் பட்லர் மக்வே. இண்டியானாபொலிஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன். போர்க்காலக் கடலில் ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன? அந்தத் தலைமைக்கு எவ்வளவு பொறுப்பு உண்டு? பொறுப்பு இருக்கிறது என்பதற்காகவே ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவானா? இதுதான் இன்றைய பொருள்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். நியூ ஜெர்சியிலிருந்து விருந்தினராக வந்திருக்கும் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். உங்கள் கேம்டன் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில்தான் அது பிறந்தது. 1931-இல் நீரில் இறங்கி, 1932-இல் கடற்படையில் சேர்ந்தது. 610 அடி நீளம். அதிபர் ரூஸ்வெல்ட் விரும்பிப் பயணம் செய்த கப்பல். போரில் அட்மிரல் ஸ்புரூயன்ஸின் தலைமைக் கப்பல். மக்வே அதன் பொறுப்பை ஏற்றது 1944 நவம்பரில். அட்மிரலின் மகன் அவர். ஏற்கெனவே வீரத்துக்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். ஈவோ ஜீமாவைப் பார்த்தார், ஓகினாவாவைப் பார்த்தார். 1945 மார்ச் 31 அன்று ஒரு ஜப்பானியத் தற்கொலை விமானம் கப்பலின்மேல் பாய்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். காயம்பட்ட கப்பலை மக்வே பசிபிக்கைக் கடந்து ஓட்டி வந்து சேர்த்த இடம் எது தெரியுமா? நம் வல்லேஹோவில் இருக்கும் மேர் ஐலண்ட்.

அங்கே பழுது பார்த்துக்கொண்டிருந்தபோதே அவசர உத்தரவு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயிண்டுக்குப் போ, ஒரு சரக்கை ஏற்று, டினியன் தீவில் இறக்கு. 1945 ஜூலை 16 காலையில் கப்பல் புறப்பட்டது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டைச் சோதித்திருந்தார்கள். கப்பலில் ஏறியது ஒரு பெரிய மரப்பெட்டி, ஒரு சிறிய ஈயக் கலம். ஹிரோஷிமாவில் விழப்போகும் குண்டின் பாகங்கள். கூடவே பீரங்கிப் படை அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் உண்மையில் மருத்துவர். பீரங்கியைப் பற்றி மாலுமிகள் கேட்டதற்கெல்லாம் அவர் தடுமாறினாராம்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேப்டனுக்குச் சொன்னார்களா? சொல்லவில்லை. நீ ஒரு நாள் மிச்சப்படுத்தினால் போர் ஒரு நாள் குறையும் என்று மட்டும் சொன்னார்கள். மக்வே கேள்வி கேட்கவில்லை. ஹவாய் வரைக்கும் 74 மணி 30 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அது அன்றைய சாதனை. ஜூலை 26 அன்று டினியனில் சரக்கு இறங்கியது.

இனிமேல்தான் நான் உங்களைக் கூர்ந்து கேட்கச் சொல்லும் பகுதி.

டினியனிலிருந்து குவாம். குவாமிலிருந்து பிலிப்பைன்ஸின் லேய்டேவுக்குப் போக வேண்டும். மூன்று நாள் பயணம். இண்டியானாபொலிஸில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் சோனார் கிடையாது. ஆகவே மக்வே துணைக்கு ஒரு கப்பல் கேட்டார். வேண்டியதில்லை என்றார்கள். அந்த வழிக்கு எட்டும் தூரத்தில் நான்கு நாள் முன்பு, ஜூலை 24 அன்று, அண்டர்ஹில் என்ற அமெரிக்கக் கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்திருந்தார்கள். அவருக்குச் சொன்னார்களா? சொல்லவில்லை. எதிரியின் ரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படித்ததில், ஜப்பானிய நீர்மூழ்கிகள் அந்தப் பக்கம் உலவுவது குவாமில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குச் சொன்னார்களா? சொல்லவில்லை. சங்கேதத்தை உடைத்த ரகசியம் வெளியே தெரிந்துவிடக் கூடாதாம். ரகசியம் காப்பாற்றப்பட்டது. 1,195 பேர் கப்பலில் ஏறியிருந்தார்கள்.

கையில் கொடுத்த உத்தரவில் ஒரு வரி இருந்தது. கப்பலை நேராக ஓட்டாமல் வளைந்து வளைந்து ஓட்டுவதை ஸிக்ஸாக் என்பார்கள். நீர்மூழ்கி குறி வைப்பதைச் சிரமமாக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதைச் செய்வதும் செய்யாததும் உன் விருப்பம் என்பதுதான் அந்த வரி. கேப்டனின் முடிவுக்கே விட்டிருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

ஜூலை 29, ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுக்க வளைந்து வளைந்துதான் கப்பல் போயிற்று. அந்தி சாய்ந்தது. வானத்தில் மேகம். பார்வைக்கு எதுவும் எட்டவில்லை. இனி நேராகப் போகலாம் என்றார் மக்வே. வானிலை மாறினால் மறுபடி வளைக்கச் சொல்லிவிட்டு, கப்பலை நடத்தும் மேடைக்குப் பின்னாலிருந்த சிறு அறையில் போய்ப் படுத்தார். 17 நாட் வேகத்தில் இருட்டுக்குள் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

நள்ளிரவை ஒட்டி மேகம் விலகியது. நிலா வெளியே வந்தது. அந்த நிலா வெளிச்சத்தில், நீருக்கு மேலே வந்து நின்றிருந்த ஐ-58 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் தலைவர் மொச்சிட்சுரா ஹஷிமோட்டோ தூரத்தில் ஒரு கருப்புப் புள்ளியைக் கண்டார். ஆறு டார்பிடோக்களைச் செலுத்தினார். இரண்டு பட்டன. முதல் அடியில் கப்பலின் மூக்கே போய்விட்டது. இயந்திரங்கள் நிற்கவில்லை. கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது, உடைந்த வாய் வழியாகக் கடலைக் குடித்துக்கொண்டே. மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி போயிற்று. இயந்திர அறைக்கு நிறுத்து என்று சொல்லக்கூட வழியில்லை.

நண்பர்களே, அந்த இருட்டில் கேப்டனுக்கு என்ன தெரியும்? அடி எங்கே பட்டது என்று தெரியாது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. செய்தி வெளியே போயிற்றா என்று தெரியாது. முந்தைய தாக்குதலில் தப்பித்த கப்பல் ஆயிற்றே, இதிலும் தப்பாதா என்று அவர் ஒரு கணம் நினைத்தார். பிறகு கப்பலைக் கைவிடச் சொன்னார். அந்த உத்தரவு ஆளிடமிருந்து ஆளுக்கு வாய்வழியாகத்தான் போனது. பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 610 அடிக் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. மக்வேயை ஓர் அலை அடித்துத் தூக்கிக் கடலில் போட்டது.

ஏறத்தாழ 300 பேர் கப்பலோடு போனார்கள். ஏறத்தாழ 900 பேர் கடலில். எண்ணெய் படிந்த கடலில். பலருக்கு மிதவைச் சட்டை மட்டும். சிலருக்கு அதுவும் இல்லை.

ஜாஸ் படம் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதில் அந்தக் கிழட்டு மீனவர் சொல்லும் கதை இதுதான். அந்தப் படத்தின் புண்ணியத்தில் எல்லோருக்கும் சுறா மட்டுமே நினைவிருக்கிறது. சுறா வந்தது உண்மை. ஆனால் தாகமும் வெயிலும் உப்புத் தண்ணீரும் செய்த வேலை அதைவிடப் பெரியது. தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. கீழே கப்பல் தெரிகிறது, அதில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி நீருக்குள் இறங்கினார்கள். சுற்றிலும் தண்ணீர் இருக்க, தாகத்தால் சாவது எவ்வளவு கொடுமை!

சரி, லேய்டேயில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜூலை 31 வர வேண்டிய கப்பல் வரவில்லையே, எங்கே என்று ஒருவர் கேட்டாரா? கேட்கவில்லை. போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்ததை அறிவிக்க வேண்டியதில்லை என்று ஒரு விதி. அறிவிக்க வேண்டியதில்லை என்றால், வராததையும் கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ஒரு பெரிய போர்க்கப்பல் காணாமல் போனது, அதைத் தேடி ஒரு படகுகூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 2. வில்பர் க்வின் என்ற விமானி வழக்கமான ரோந்தில் இருந்தார். விமானத்தின் ஆன்டெனா கம்பியில் ஏதோ கோளாறு. அதைக் கவனிக்கக் குனிந்தவர் கண்ணில் எண்ணெய்ப் படலம் பட்டது. அதில் தலைகள். தற்செயல்! நான்கு நாளாக யாரும் தேடாத மனிதர்களைத் தற்செயல் கண்டுபிடித்தது.

அடுத்து இரண்டு பேர் செய்ததைச் சொல்ல வேண்டும். ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி, நீரில் இறங்கக்கூடிய விமானத்தில் உதவிப் பொருள்களைப் போட வந்தார். திறந்த கடலில் இறங்கக் கூடாது என்பது விதி. கீழே பார்த்தார். விதியை மீறி, பெரிய அலைகளுக்கு நடுவே இறங்கினார். 56 பேரைத் தூக்கினார். உள்ளே இடம் போதாமல் இறக்கைகளின்மேல் கிடத்திக் கட்டி வைத்தார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. இன்னொருவர் கிளேட்டர், டாய்ல் என்ற கப்பலின் தலைவர். உத்தரவு வருமுன்பே கப்பலைத் திருப்பினார். இரவானதும், எதிரி நீர்மூழ்கி உலவும் கடலில், தேடுவிளக்கை வானத்தை நோக்கி ஏற்றினார். எதிரிக்கும் தெரியும். ஆனால் மிதப்பவர்களுக்கும் தெரியும், யாரோ வந்துவிட்டார்கள் என்று. பின்னாளில் அந்தக் கிளேட்டர் அமெரிக்கக் கடற்படைக்கே அமைச்சரானார்.

கரையேறியவர்கள் 316 பேர். போனவர்கள் 879 பேர். மிதவைத் தெப்பத்தில் சிலரோடு கிடந்த மக்வேயும் அவர்களில் ஒருவராக மீட்கப்பட்டார். மூன்று நாள் கழித்து ஹிரோஷிமா. கப்பல் போன செய்தியை அமெரிக்க மக்களுக்கு எப்போது சொன்னார்கள்? ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த அதே நாளில். நாடே தெருவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியை யார் படிப்பார்கள்?

ஆனால் 879 வீடுகளில் படித்தார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. யாருடைய தவறு?

துணைக்கப்பல் மறுத்தவர்களா? எச்சரிக்கையை மறைத்தவர்களா? வராத கப்பலைத் தேடாதவர்களா? நம்மில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறோம். நள்ளிரவில் சர்வர் விழுந்தால், நான்கு துறைகள் செய்த பிழையை விட்டுவிட்டு, அன்று ஆன்-காலில் இருந்த பையனின் பெயரை மட்டும் அறிக்கையில் எழுதும் மேலாளரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கடற்படையும் அதைத்தான் செய்தது.

குவாமில் நடந்த விசாரணை மக்வேயை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொன்னது. இங்கே நிமிட்ஸ் குறுக்கிட்டார். ஒரு கண்டனக் கடிதம் போதும் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? 1908-இல், பிலிப்பைன்ஸின் படாங்காஸ் துறைமுகத்தில், 23 வயது நிமிட்ஸ் தன் பொறுப்பிலிருந்த டிகேட்டர் என்ற கப்பலைச் சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டார். அவரும் நீதிமன்றத்தில் நின்றார். கண்டனத்தோடு விட்டார்கள். அன்று அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பசிபிக் போரை நடத்தியிருக்க முடியுமா? ஒரு தவறுக்கும் ஒரு வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நிமிட்ஸை நான் முழுசாக விட்டுவிடத் தயாராக இல்லை. எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டதும் வராத கப்பலைத் தேடாமல் விட்டதும் அவருடைய ஆட்சிப் பரப்புக்குள்தான் நடந்தன.

வாஷிங்டனில் அப்போது கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் கிங், நிமிட்ஸின் பேச்சைக் கேட்கவில்லை. 1945 டிசம்பர் 3 அன்று வழக்கு தொடங்கியது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, கப்பலைக் கைவிடும் உத்தரவைத் தாமதித்தார். அது நிற்கவில்லை. இரண்டு, வளைந்து ஓட்டாமல் கப்பலை ஆபத்தில் தள்ளினார். அவர் விருப்பத்துக்கே விட்டிருந்த அந்த வரி ஞாபகம் இருக்கிறதா? அதே வரிதான்!

இதற்குச் சாட்சியாக யாரை அழைத்து வந்தார்கள்? ஹஷிமோட்டோவை! கப்பலை மூழ்கடித்த எதிரியையே ஜப்பானிலிருந்து விமானத்தில் கொண்டு வந்து, தங்கள் கேப்டனுக்கு எதிராகக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் சொன்னது என்ன? வளைந்து ஓட்டியிருந்தாலும் அடித்திருப்பேன் என்றார். அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர் ஒருவரும் வந்து, அதனால் பெரிய பயன் இல்லை என்றார். எதிரி சொல்கிறான் குற்றமில்லை என்று. சொந்தப் படை சொல்கிறது குற்றம் என்று. டிசம்பர் 19 அன்று தீர்ப்பு. குற்றவாளி. கருணை காட்டவும் அதே நீதிமன்றம் பரிந்துரைத்தது. அந்தப் போரில் எதிரியின் தாக்குதலில் கப்பலை இழந்து, அதற்காக நீதிமன்றத்தில் நின்ற ஒரே அமெரிக்கக் கேப்டன் அவர்தான்.

அதே டிசம்பரில் இன்னொன்று நடந்தது. நியூ ஜெர்சி நண்பர்கள் மறுபடியும் கவனிக்கவும். உங்கள் எலிசபெத் நகரத்தில் பிறந்தவர் அட்மிரல் ஹால்ஸி. நியூ ஜெர்சி என்றே பெயர் கொண்ட கப்பல்தான் அவருடைய தலைமைக் கப்பல். இன்று கேம்டனில் அருங்காட்சியகமாக நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1944 டிசம்பரில், ஹால்ஸி தன் கப்பற்படையை ஒரு புயலுக்குள் கொண்டுபோய் விட்டார். மூன்று டெஸ்ட்ராயர் கப்பல்கள் கவிழ்ந்தன. 790 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது. கணிப்பில் பிழை என்றார்கள், தண்டனை இல்லை. மக்வேயின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1945 டிசம்பர் 11 அன்று, ஹால்ஸிக்கு ஐந்து நட்சத்திரப் பதவி உயர்வு. ஹால்ஸி வீரர், சந்தேகமில்லை. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு தராசா?

கப்பலை இழந்த கேப்டன்களை உலகம் எப்படியெல்லாம் நடத்தியிருக்கிறது! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை நமக்குத் தெரியும். அதன் தலைவர் ஃபான் முல்லர் நவம்பரில் கோகோஸ் தீவருகே கப்பலை இழந்தார், நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தார், சிறைப்பட்டார். அவருடைய நாடு அவருக்கு உயரிய பதக்கம் கொடுத்தது. எதிரிகளும் பாராட்டினார்கள். 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தானிய நீர்மூழ்கி வீழ்த்தியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன்னால் ஆனவரை வீரர்களைத் தப்பவைத்துவிட்டு, தான் கப்பலை விட்டு வரவில்லை. நாம் அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்து வணங்குகிறோம். வணங்க வேண்டியவர்தான். ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி. மக்வே அந்த அலையில் சிக்கிக் கப்பலோடு போயிருந்தால், அவர்மேல் வழக்குப் போட்டிருப்பார்களா? உயிரோடு வந்ததுதான் அவர் செய்த குற்றமோ?

நிமிட்ஸ் கடற்படையின் தலைமைப் பதவிக்கு வந்ததும், 1946-இல் தண்டனை நீக்கப்பட்டது. தீர்ப்பு அப்படியே நின்றது. 1949-இல் மக்வே ஓய்வு பெற்றார். மகனை இழந்த வீடுகளிலிருந்து வருஷா வருஷம் கடிதங்கள் வந்தன, கிறிஸ்துமஸ் நேரத்தில்கூட. எங்கள் பிள்ளை இருந்திருந்தால் நாங்களும் பண்டிகை கொண்டாடியிருப்போம் என்ற பாணியில். ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? 1960-இல் உயிர் பிழைத்தவர்கள் முதன்முறை ஒன்றுகூடினார்கள். மக்வே தயங்கித் தயங்கித்தான் போனார். அவர்கள் அவருக்கு சல்யூட் வைத்து வரவேற்றார்கள். அந்த வரவேற்பும் அவரைக் காப்பாற்றவில்லை. 1968 நவம்பரில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

சிலப்பதிகாரம் படித்த கூட்டம் இது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்திலேயே பாண்டியன் தன் தீர்ப்பு பிழை என்று உணர்ந்து அரியணையிலிருந்து விழுந்தான். அமெரிக்கக் கடற்படை விழவில்லை. அது அசையவே 55 ஆண்டுகள் ஆயின. அசைத்தது யார்? ஒரு வழக்கறிஞரா? ஒரு பேராசிரியரா? ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ஹண்டர் ஸ்காட். அதே ஜாஸ் படத்தைப் பார்த்துவிட்டு, 1996-இல் பள்ளியின் வரலாற்றுப் போட்டிக்காக இந்தக் கதையைத் தேடப் புறப்பட்டான். உயிர் பிழைத்தவர்களில் ஏறத்தாழ 150 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டான். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: எங்கள் கேப்டன் குற்றவாளி இல்லை. 1999-இல் செனட் குழுவின் முன்னால் அந்தக் கிழவர்களோடு அவனும் போய்ப் பேசினான். ஷிண்டோ கோயில் பூசாரியாகிவிட்ட ஹஷிமோட்டோவும் ஜப்பானிலிருந்து அந்தக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதினார், மக்வேயின் பெயரைத் துடைத்துக் கொடுங்கள் என்று.

2000 அக்டோபரில் காங்கிரஸின் தீர்மானத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஹஷிமோட்டோ அதைப் பார்க்கவில்லை. ஐந்து நாள் முன்பு இறந்திருந்தார். 2001-இல் கடற்படை அமைச்சர் மக்வேயின் கோப்பில் அந்தத் தீர்மானத்தைச் சேர்க்க உத்தரவிட்டார். சேர்த்தார்கள், அவ்வளவுதான். 1945-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ரத்தாகவில்லை. இன்றும் அந்தக் கோப்பில் குற்றவாளி என்ற தாளும் குற்றமற்றவர் என்ற தாளும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இந்த அரங்கில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். ஹண்டர் ஸ்காட் கலந்துகொண்ட வரலாற்றுப் போட்டி உங்கள் பள்ளிகளிலும் நடக்கிறது. மேர் ஐலண்ட் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி, இது நியாயமா என்று கேட்டால், ஹோம்வொர்க்கை முடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காரை எடுங்கள், கூட்டிக்கொண்டு போங்கள், கூட உட்கார்ந்து தேடுங்கள்.